நாற்பது பிணங்களும் ஒரு சைகையும்

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடுதல். பரவாயில்லை, குடித்துவிடுவேன். ரைட்டர் சார் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழில் சொல்கிறேன். கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கல்லாறு இந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வராது என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அங்கே போவதென்றால் கிழக்கேகோட்டையில் ஒரு பஸ், நெடுமங்காட்டில் இன்னொரு பஸ். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவது அவ்வளவு நன்றாக இருக்காது.

பெயர் தாணுமாலையன். வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் சுசீந்திரம், இருப்பது வலியசாலையில் ஒரு மாடி அறை. கல்யாணம் ஆகவில்லை. தொழில் பிணம்.

சிரியுங்கள், எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் வீட்டிலும் என்னைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. இந்த ஊரில் எடுக்கிற டிவி சீரியல்களில் மாதத்துக்கு நாலு பேராவது செத்தாக வேண்டும். தலைமாட்டில் விளக்கு, மூக்கில் பஞ்சு, சுற்றி அழுகிற ஐந்து பேர், நடுவில் நான். எனக்குப் பிறவியிலேயே ஒட்டிப்போன முகம், பவுடர்கூட அதிகம் வேண்டாம். ஒருமுறை ஒரு ஈ என் மூக்கில் உட்கார்ந்து, மேலுதட்டுக்கு நடந்து வந்து, அங்கே நின்று காலைத் தேய்த்துக்கொண்டு போனது. நான் அசையவில்லை. என் விதவைதான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டாள். மூச்சை இரண்டு நிமிடம் ஐந்து விநாடி அடக்குவேன். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரபின் என்ற பையன் என்னைத் தேடி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு டைரக்டர் ஆனவன். படத்தின் பெயர் ‘கடிச்சாலும் கண்மணி’. ஊரெல்லாம் ஜாம்பியாகிவிடுகிறது. கதாநாயகனும் ஆகிவிடுகிறான். கதாநாயகி மட்டும் அவனை விடமாட்டேன் என்கிறாள். அவனுக்குச் சோறு ஊட்டப் பழக்குகிறாள், சட்டைப் பொத்தான் போடப் பழக்குகிறாள், கடைசியில் அவனுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்துவிடுகிறது. சிரிப்புப் படம், காதல் படம். ஜாம்பிகளுக்கு நடை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். “மாஷே, சத்தவன் எங்ஙனெ கிடக்கும்னு மாஷுக்குத் தெரியும். இனி எங்ஙனெ நடக்கும்னு சொல்லிக் கொடுக்கணும்” என்றான். பதினெட்டு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. செட்டில் என் பெயர் பிணமாஸ்டர்.

ஜாம்பிகளாக நடிக்க நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் கட்டட வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு மேஸ்திரி வேல்சாமி. தாமிரபரணிக் கரைக்காரன், பேச்சு குறைவு. நான் வகுத்த நடை இதுதான்: இடதுகாலை இழுக்க வேண்டும், தலை சாய வேண்டும், இரண்டு கைகளும் முன்னால் நீண்டு மேலே எழும்ப வேண்டும். நாலே நாளில் நாற்பது பேரும் என்னைவிட நன்றாகச் செத்தார்கள்.

ஐந்தாவது நாள் ஒரு சம்பவம். ஒருவன் செவ்வெறும்புக் கூட்டில் காலை வைத்துவிட்டான். வலியில் முனகினான், துடித்தான், கடைசியில் அலறினான். பிரபின் மானிட்டரைப் பார்த்து “அடிபொளி, அடிபொளி” என்றான். மூன்று நிமிடம் படம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவன் நடிக்கவில்லை என்று தெரிந்தது. அன்று மாலையே நாற்பது பேரையும் உட்கார வைத்து ஒரு சைகை சொல்லிக்கொடுத்தேன். உண்மையில் ஏதாவது ஆபத்து என்றால் ஒரு கையை எடுத்துத் தலைமேல் வைக்க வேண்டும். எந்த ஜாம்பியும் தலையில் கை வைக்காது, பார்த்தவுடன் படப்பிடிப்பை நிறுத்திவிடலாம். நல்ல ஏற்பாடு. என் வாழ்க்கையில் நான் யோசித்த உருப்படியான ஒரே காரியம் அது என்றுகூடச் சொல்வேன்.

அந்த மாலை சுஜித் அங்கே இல்லை. அவன்தான் ஜாம்பியாகிற கதாநாயகன். பாறசாலைக்காரன், செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தவன், அப்பா அம்மா இல்லாதவன். அவன் முகத்தில் ரப்பர் தோலை ஒட்டவும் உரிக்கவும் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் எப்போதும் மேக்கப் வேனில்தான் கிடப்பான். அவனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நிமிடத்தில் என் மனசில் ஒரு கள்ளமும் இல்லை.

இனி கலைச்செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஸ்ட்யூம் அசிஸ்டென்ட். சங்கரன்கோவிலிலிருந்து வந்து சாலை பஜாரில் தையல் மெஷின் போட்டவரின் மகள், முப்பத்தோரு வயது. ஜாம்பிகளின் உடுப்பைக் கிழித்து அழுக்காக்குவது அவள் வேலை. பெரிய அண்டாவில் டீத்தூளைக் கொதிக்கவிட்டு நாற்பது சட்டைகளையும் முக்கி எடுப்பாள். அதே அடுப்பில் எனக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர் டீ போட்டுத் தருவாள். “குடிங்கண்ணே, செத்தவங்களுக்கும் தொண்டை காயும்லா” என்பாள். அண்ணே என்றுதான் ஆரம்பத்திலிருந்தே கூப்பிட்டாள். அது மரியாதைக்குச் சொல்வது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நாற்பத்தோரு வயதில் மனிதனுக்கு எதையும் விளக்கிக்கொள்ளும் திறமை வந்துவிடுகிறது.

ஒரு திங்கட்கிழமை அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, “கொஞ்சம் நேரா நில்லுங்கண்ணே” என்றாள். தோளை அளந்தாள், கையை அளந்தாள், மார்பைச் சுற்றி அளந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “பொறகு தெரியும்” என்று சிரித்தாள். மூச்சை இரண்டு நிமிடம் அடக்குகிறவன் அந்த முப்பது விநாடியில் மூச்சுவிடவே மறந்துபோனேன். மூன்று நாள் நான் இந்தப் பூமியில் இல்லை. அறைக்குப் போய்க் கண்ணாடியில் தோளைப் பார்த்துக்கொண்டேன். மீசைக்கு மை வாங்கினேன். வெட்கங்கெட்ட மனசு, வேறென்ன சொல்ல.

வியாழக்கிழமை சுஜித்துக்குப் பிறந்தநாள். ரப்பர் தோலை உரித்துவிட்டு, புத்தம்புது நீலச் சட்டையோடு வேனிலிருந்து இறங்கினான். கச்சிதமாக இருந்தது. கலைச்செல்வி என்னிடம் ஓடிவந்து, “உங்க தோளும் அவுங்க தோளும் ஒரே அளவுண்ணே. தெரியாம தைக்கணும்னுதான் உங்கள அளந்தேன். தை மாசம் கல்யாணம், உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன்” என்றாள். நான் சந்தோஷம் என்று சொன்னேன். மீசையில் மை இருந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கோபம் வரவில்லை, சார். அதை அடித்துச் சொல்வேன். வந்திருந்தால் கத்தியிருப்பேன், நாலு பேர் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு வந்தது ஒரு தெளிவு. கேக் வெட்டி முடித்ததும் சுஜித்தை ஓரமாகக் கூப்பிட்டு, சனிக்கிழமை கல்லாற்றில் ஆற்றுக் காட்சி இருக்கிறது, ஆபத்து என்றால் ஒரு சைகை உண்டு, அன்று நீ வேனில் இருந்தாய் என்றேன். “சொல்லுங்க சேட்டா” என்று பயபக்தியோடு நின்றான். “இரண்டு கையையும் மேலே தூக்கு. நான் வந்துவிடுவேன்” என்றேன்.

“ரெண்டு கையும் பொக்கணும், அல்லே?” என்று கேட்டுத் தூக்கியே காட்டினான். நல்ல மாணவன். மறந்துவிடக் கூடாது என்று ஷூட்டிங் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, மடித்து, அந்த நீலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் பொருட்படுத்தவில்லை. தொழில் தெரிந்தவன் என்றால் அந்தத் தாளை அப்போதே வாங்கியிருப்பான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆற்றின் ஆழத்தைப் பார்த்துவரப் பிரபின் என்னைத்தான் அனுப்பினான். கரையில் டீக்கடை வைத்திருக்கிற ஜெயபாய், எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா, என்னைக் கண்டதும் வெளியே வந்துவிட்டார். “அந்தக் கறுத்த பாறைக்கு அப்புறம் கயம் உண்டு, கேட்டியளா. மேல பாத்தா இடுப்பளவுதான் தோணும், சவிட்டினா தாந்து போவும். பிள்ளையள அங்க எறக்காதீங்க” என்றார். நன்றி சொல்லி ஒரு பழம்பொரி சாப்பிட்டேன். திரும்பி வந்ததும் பிரபின், “ஆழம் நோக்கியோ மாஷே?” என்றான். பார்த்தாயிற்று என்றேன். அது பொய் இல்லை. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி, நல்ல வெயில். காட்சி இதுதான். அக்கரையில் கதாநாயகி உட்கார்ந்து புட்டு சாப்பிடுகிறாள். இக்கரையில் நாற்பது ஜாம்பிகள் வரிசையாக நின்று முனகுகிறார்கள். கதாநாயகன் கையில் ஒரு செம்பருத்திப் பூவோடு ஆற்றைக் கடந்து அவளிடம் போகிறான். பூ நனையக் கூடாதே என்று அவன் படும் பாடுதான் சிரிப்பு. எந்த வழியாக நடக்க வேண்டும் என்று நான் கூழாங்கல் வைத்து அடையாளம் காட்டினேன். கறுத்த பாறைக்கு அப்புறமாக. நாற்பது பேரிடமும், கட் சொல்லும்வரை ஒருவரும் அசையக் கூடாது, சைகை தெரிந்தால் மட்டும் ஓடுங்கள் என்று ஞாபகப்படுத்தினேன். ஒழுங்காகச் சொன்னேன். கேட்டுப் பாருங்கள், எல்லோரும் அப்படியே சொல்வார்கள்.

சுஜித் நன்றாக நடந்தான். இடதுகாலை இழுத்தான், தலையைச் சாய்த்தான். பாறையைத் தாண்டினான். பொசுக்கென்று கழுத்துவரை போனான். பூ மிதந்து போய்விட்டது. அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

கரை முழுக்கச் சிரிப்பு. “கிடிலம் மாஷே, கட் பண்ணண்டா, போகட்டே” என்று கேமராவை ஓடவிட்டான் பிரபின். துண்டும் கையுமாகக் கரையில் நின்ற கலைச்செல்வியும் சிரித்தாள். பூவைத் தொலைத்துவிட்டுக் கையைத் தூக்குகிற காதலன், யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? நான் மட்டும் சிரிக்கவில்லை. எதிரே மேட்டில் ஒரு பாறைமேல் நின்றிருந்தேன். அவன் என் பக்கமாகத்தான் கையைத் தூக்கினான். முகம் தண்ணீருக்குள் போனதும் நான் எண்ண ஆரம்பித்தேன். அது தொழில் பழக்கம். ஒருமுறை மேலே வந்தான். கைகள் தூக்கியபடியே இருந்தன. சொன்ன சொல் தவறாத பிள்ளை. இரண்டாவது முறை விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். எனக்கே இரண்டு நிமிடம் ஐந்து விநாடி என்றால் பழக்கமில்லாதவனுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் வேல்சாமி வரிசையை விட்டு வெளியே வந்தான். “அண்ணாச்சி, இது நடிப்பில்ல” என்று என்னைப் பார்த்துக் கத்தினான். அவன் ஆற்றங்கரையில் பிறந்தவன் என்று முன்பே சொன்னேன். அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை மறைக்க மாட்டேன். “வேல்சாமி, வரிசைக்குப் போ” என்றேன். அவன் போகவில்லை, குதித்துவிட்டான். கயத்துக்குள் தேடிப் பிடித்து மேலே கொண்டுவர இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நானும் குதித்தேன், பாறைக்கு இந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில். சொட்டச் சொட்ட நிற்கிற என் படம் மறுநாள் பேப்பரில்கூட வந்தது.

சுஜித் சாகவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் அதிகமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இடதுகாலை இழுத்து இழுத்து நடக்கிறான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பேச்சு இல்லை. சோற்றை ஊட்டிவிட வேண்டும். கவனித்தீர்களா, சார்? ஒரு பிணத்தை உண்டாக்கப் போனவன் ஒரு ஜாம்பியை உண்டாக்கிவிட்டு வந்து நிற்கிறேன். நாற்பது பேருக்கு நடை பழக்கிய பிணமாஸ்டரின் தலைசிறந்த படைப்பு. இதைவிடக் கேவலமாக ஒருவன் தன் தொழிலில் ஜெயிக்க முடியாது.

மீதிப் படத்தில் சுஜித்தின் முதுகு தெரிகிற காட்சிகளில் எல்லாம் நான்தான் நடித்தேன். தோள் ஒரே அளவு அல்லவா? படம் தியேட்டரில் ஒரு வாரம்தான் ஓடியது. ஆனால் ஆற்றில் அவன் கையைத் தூக்குகிற முதல் மூன்று விநாடியை, கலைச்செல்வியிடம் சம்மதம் கேட்டு, பிரபின் டிரெய்லரில் வைத்தான். அது எல்லாருடைய போனிலும் சுற்றியது. காதலில் மாட்டிக்கொண்டவர்களைக் கேலி செய்ய இன்றைக்கும் அதைத்தான் அனுப்புகிறார்கள். போன மாதம் எனக்கே என் வீட்டுக்காரர் அனுப்பினார், வாடகை கேட்டு.

அவள் அவனை விட்டுவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் படத்தின் கதையை நாற்பது தடவை கேட்டிருந்தும் அப்படி நினைத்தேனே, அதுதான் என் புத்தி. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் வைத்தாள். தாலியை அவன் கையில் கொடுத்ததும் முதல் முடிச்சு எப்படியோ விழுந்தது. இரண்டாவதற்கு விரல் வணங்கவில்லை, நான் உதவினேன். மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியது. “அவுங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாரு இருக்கா? நீங்களே போடுங்கண்ணே” என்றாள். ஆக மூன்று முடிச்சில் இரண்டு என்னுடையது. பெரும்பான்மை என் பக்கம்தான்.

பிறகு ஒருநாள், “அண்ணே, நீங்கதான அவுங்களுக்குப் பொண நட சொல்லிக் குடுத்தீங்க? இப்பம் மனுச நட சொல்லிக் குடுங்க” என்று கேட்டாள். அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்குச் சாலை பஜார் பின்சந்தில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சுவரைப் பிடித்துப் பத்து நடை, பிடிக்காமல் நாலு நடை. முடிந்ததும் அவள் டீ தருவாள். அவளைத் தினமும் பார்க்க வேண்டும், அவள் கையால் டீ குடிக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் ஆசைப்பட்டிருந்தேனா என்று யோசித்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். நான் உள்ளே நுழைந்ததும் சுஜித் இரண்டு கைகளையும் மேலே தூக்குவான். என்னைப் பார்த்தால் மட்டும்தான். “பாத்தீங்களா, படம் ஞாபகம் வருது. உங்களைத்தான் அடையாளம் தெரியுது” என்று அவள் கண் கலங்குவாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து எதிரில் நின்று தாங்களும் தூக்குவார்கள். நானும் ஒரு தடவை தூக்கினேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சுஜித்தின் பிறந்தநாள், வேல்சாமியும் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். கலைச்செல்வி பெட்டியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்தாள். அவன் வாசனை போய்விடக் கூடாது என்று இரண்டு வருஷமாகத் துவைக்காமல் வைத்திருந்தாளாம். போட்டுவிடும்போது பையில் ஏதோ சரசரத்தது. எடுத்துப் பிரித்தாள். இங்கே பள்ளிக்கூடம் படித்தவள், மலையாளம் நன்றாக வாசிப்பாள். “ஆபத்து வந்தால் ரெண்டு கையும் மேலே. தாணு சேட்டன் வரும்” என்று சத்தமாக வாசித்தாள்.

“ரெண்டு கையா?” என்றான் வேல்சாமி. “தலையில ஒரு கைல்லா வைக்கணும். எங்க நாப்பது பேருக்கும் அண்ணாச்சி அததான சொன்னாரு.” தன் தலையில் கையை வைத்துக் காட்டவும் செய்தான். அதை இறக்கவே அவனுக்குத் தோன்றவில்லை.

கலைச்செல்வி தாளை மறுபடி வாசித்தாள். என்னைப் பார்த்தாள். நான் வந்ததிலிருந்து சுஜித் கையைத் தூக்கியபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் போய் ஒரு கையை மெல்லப் பிடித்து இறக்கி மடியில் வைத்தாள், பிறகு மற்றதை. அழவில்லை, கத்தவில்லை. “போயிருங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் விட்டுவிட வேண்டும் என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

மாட்டிக்கொண்டதால் வந்தான் என்று எழுதாதீர்கள், சார். வர வேண்டும் என்று இரண்டு வருஷமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றுதான் தோதுப்பட்டது. ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். தப்பான சைகையைச் சொன்னதும் நான், கயத்துக்கு வழிகாட்டியதும் நான், எண்ணிக்கொண்டு நின்றதும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. வேல்சாமி கொஞ்சம் முன்னதாகக் குதித்திருக்கலாம், அவ்வளவுதான்.

மணி என்ன? ஐந்தே முக்காலா? ஒரு காரியம் சொல்ல வேண்டும். அவன் கையைத் தூக்குவது என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் என்று முதல் மாதம் பயந்தேன். பிறகு ஒருநாள் முகத்தைக் கவனித்தேன். கோபமே இல்லை. நான் வாசலில் வந்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அவன் இன்னும் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறான், சார். நான் சொல்லிக்கொடுத்தபடி என்னைக் கூப்பிடுகிறான். கையைத் தூக்கினால் வருவேன் என்று சொல்லியிருந்தேன், மழையானாலும் வெயிலானாலும் ஆறு மணிக்குப் போய் நின்றிருக்கிறேன். கொடுத்த வாக்கை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.